தோற்றால் மட்டும் தெரியும் சாதி

2024 ஜனவரி 19, ராஞ்சி மொராபாதி. பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மூன்றாவது இடத்துக்கான ஆட்டம். இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி ஜப்பானிடம் 0-1 என்று தோற்றது. மொத்தமே மூன்று அணிகளுக்குத்தான் ஒலிம்பிக் வாய்ப்பு. இறுதிப் போட்டிக்குப் போன ஜெர்மனியும் அமெரிக்காவும் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டன. மிச்சமிருந்த ஒரே இடத்தை ஜப்பான் எடுத்துக்கொண்டது. டோக்கியோவில் நான்காம் இடம் பிடித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த அணி, பாரிஸுக்குப் போகவே இல்லை.

அவர்கள் தோற்ற மைதானத்தின் பெயர் மராங் கோம்கே ஜெய்பால் சிங் ஹாக்கி மைதானம். மராங் கோம்கே என்றால் பெருந்தலைவர் என்று பொருள். ஜெய்பால் சிங் முண்டா ஒரு பழங்குடித் தலைவர். 1928இல் இந்தியா முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கியில் ஆடியபோது அணித் தலைவரும் அவர்தான். ஆனால் அந்தத் தங்கத்தை வென்ற இறுதிப் போட்டியில் அவர் களத்தில் இல்லை.

ஒரு ஹாக்கி தோல்வியைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கலாம். வேலை, நிலம், கல்வி என்று ஆயிரம் பிரச்சினைகள் இருக்கும்போது இது எதற்கு? காரணம் இருக்கிறது. ஒரு அணி தோற்றால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. முடிவுகளை எடுத்தது யார்? பழியைச் சுமப்பது யார்? இந்த இரண்டுக்கும் ஒரே ஆள் பதிலாக இருந்தால் அது நியாயம். நம் நாட்டில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ஹாக்கியின் வரலாறு இதைப் பளிச்சென்று காட்டுகிறது.

முதலில் ராஞ்சி தோல்வியை ஒரு விளையாட்டுத் தோல்வியாகவே பார்ப்போம்.

அந்தத் தோல்விக்கு இரண்டரை மாதங்களுக்கு முன்பு, 2023 நவம்பர் 5ஆம் தேதி, இதே மைதானத்தில் இதே ஜப்பானை இந்தியா 4-0 என்று வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த நான்கு கோல்களில் ஒன்றை அடித்தவர் வந்தனா கட்டாரியா. அந்தத் தொடரில்தான் அவர் 300 சர்வதேசப் போட்டிகளைத் தொட்டார். இந்தியப் பெண்களில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் ஆள் அவர். தகுதிச் சுற்றுக்குச் சற்று முன்பு பயிற்சியில் அவருக்குக் கன்ன எலும்பு முறிந்தது. அணியிலிருந்து விலக வேண்டியதாயிற்று. அனுபவம் மிக்க முன்கள வீராங்கனை இல்லாமல்தான் அணி களமிறங்கியது.

அது விபத்து. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்னொன்று முடிவு. பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிப்பதில் அணியின் நம்பிக்கையாக இருந்த குர்ஜித் கவுர் தகுதிச் சுற்று அணியில் எடுக்கப்படவில்லை. ஹாக்கி பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம்: எதிரணி தன் கோல் வட்டத்துக்குள் தவறு செய்தால் பெனால்டி கார்னர் கிடைக்கும். கோட்டிலிருந்து பந்தைத் தள்ள, வட்டத்தின் விளிம்பில் அதை நிறுத்தி, ஒருவர் மட்டையால் இழுத்துச் சுழற்றி கோலை நோக்கி வீசுவார். இதுதான் டிராக் ஃபிளிக். பல ஆண்டுகள் பயிற்சி செய்தால்தான் கைவரும் வித்தை. நெருக்கமான ஆட்டங்களின் முடிவைப் பல நேரம் இதுதான் தீர்மானிக்கிறது. டோக்கியோ காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று இந்தியா வீழ்த்திய அந்த ஒரே கோல் பெனால்டி கார்னரில் குர்ஜித் அடித்தது.

ராஞ்சியில் ஜப்பான் ஆறாவது நிமிடத்திலேயே ஒரு பெனால்டி கார்னரை கோலாக்கியது. அதன் பிறகு இந்தியாவுக்கு வரிசையாக பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. ஒன்றுகூட வலைக்குள் போகவில்லை. அதற்கு முந்தைய நாள் அரையிறுதியில் ஜெர்மனியுடன் 2-2 என்று சமன் செய்து, ஷூட்அவுட்டில் 3-4 என்று தோற்றிருந்தார்கள். தொடரின் முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவிடம் 0-1 என்று தோற்றிருந்தார்கள். ஆக, கோல் அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்க முடியாததுதான் பிரச்சினை. அணித் தேர்வு, பெனால்டி கார்னர் திட்டம் ஆகியவை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பயிற்சியாளரும் தேர்வுக் குழுவும். தலைமைப் பயிற்சியாளர் யானெகே ஸ்கோப்மன் அடுத்த மாதமே பதவி விலகினார். விலகுவதற்கு முன்பு, ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் காட்டப்படும் மதிப்பில் வேறுபாடு இருக்கிறது, ஒரு பெண்ணாகத் தனக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். ஹாக்கி இந்தியா அதை மறுத்தது. முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவருக்கும் மேலே இன்னொரு அடுக்கு இருக்கிறது என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது.

ஒரு தோல்வியை இப்படித்தான் ஆராய வேண்டும். யாருக்குக் காயம், யார் அணியில் இல்லை, எந்த முடிவு தவறிப்போனது என்று கேட்க வேண்டும். இப்போது இதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு நடந்த இன்னொரு தோல்விக்குப் போவோம்.

2021 ஆகஸ்ட் 4. டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதி. எதிரணி அர்ஜென்டினா. இரண்டாவது நிமிடத்திலேயே குர்ஜித் அடித்த கோலால் இந்தியா முன்னிலை பெற்றது. பிறகு அர்ஜென்டினாவின் நோயல் பாரியோனுவேவோ இரண்டு பெனால்டி கார்னர்களை கோலாக்கினார். இந்தியா 1-2 என்று தோற்றது.

அன்று மாலை ஹரித்வாருக்கு அருகே ரோஷனாபாத் கிராமத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு முன்னால் ஆதிக்க சாதி ஆண்கள் சிலர் பட்டாசு வெடித்தார்கள். ஆடினார்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று கத்தினார்கள். குடும்பத்தினர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். பட்டியல் சாதிகள், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. கைதுகளும் நடந்தன.

வந்தனா அந்த ஒலிம்பிக்கில் என்ன செய்திருந்தார் என்று பாருங்கள். முதல் மூன்று ஆட்டங்களிலும் இந்தியா தோற்றிருந்தது. நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. பிறகு அயர்லாந்தை 1-0 என்று வென்றது. தென்னாப்பிரிக்காவையும் வென்றால்தான் காலிறுதி என்ற நிலை. அந்த ஆட்டத்தை இந்தியா 4-3 என்று வென்றது. நான்கில் மூன்று கோல்கள் வந்தனா அடித்தவை. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அந்த ஹாட்ரிக் இல்லையென்றால் காலிறுதி இல்லை, அரையிறுதியும் இல்லை. அதே ஆண்டு மே மாதம் அவருடைய அப்பா இறந்துபோனார். பெங்களூரு பயிற்சி முகாமில் இருந்த வந்தனாவால் இறுதிச் சடங்குக்குக்கூடப் போக முடியவில்லை.

அரையிறுதியில் இந்தியா வாங்கிய இரண்டு கோல்களும் பெனால்டி கார்னரில் வாங்கியவை. வந்தனா முன்கள வீராங்கனை. ஹாக்கியின் எந்தக் கணக்கின்படியும் அந்த இரண்டு கோல்களை அவர் தலையில் எழுத முடியாது. ஆனால் பட்டாசு வெடித்தவர்கள் ஹாக்கியின் கணக்கைப் பார்க்கவில்லை. வேறொரு கணக்கைப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவை வென்றபோது அவர் இந்திய வீராங்கனை. அர்ஜென்டினாவிடம் தோற்றபோது தலித் பெண்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வன்மம் தோல்வியால் வந்த கோபம் இல்லை. கோபப்படுகிறவன் பட்டாசு வெடிக்க மாட்டான். ஒரு தலித் பெண் நாட்டின் பெருமையாகிவிட்டாளே என்ற எரிச்சலைத் தீர்த்துக்கொள்ள அந்தத் தோல்வி ஒரு வாய்ப்பாக அமைந்தது. தேசபக்தி பற்றி நமக்குப் பாடம் எடுப்பவர்கள், தேசிய அணி தோற்ற நாளில் யார் கொண்டாடினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வெண்கலப் பதக்கத்துக்காக பிரிட்டனுடன் நடந்த ஆட்டத்தில் வந்தனா மறுபடி களமிறங்கினார். ஒரு கோலும் அடித்தார். இந்தியா 3-4 என்று போராடித் தோற்றது. வீட்டு வாசலில் நடந்தது தெரிந்த பிறகும் எந்த மனநிலையில் அவர் அந்த ஆட்டத்தை ஆடியிருப்பார் என்று எந்த ஆட்ட அறிக்கையும் எழுதாது. அணித் தலைவர் ராணி ராம்பால் அந்தச் சாதி வசையைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அதையும் பதிவு செய்ய வேண்டும்.

இப்போது 1928க்குப் போவோம்.

ஜெய்பால் சிங் இன்றைய ஜார்கண்டின் குந்தி பகுதியில் தக்ரா கிராமத்தில் 1903இல் பிறந்த முண்டா பழங்குடி. ராஞ்சியில் மிஷன் பள்ளியில் படித்து, ஆக்ஸ்போர்டு வரை போனார். அங்கே ஹாக்கியில் பல்கலைக்கழக அணிக்கு ஆடி 'புளூ' என்னும் தகுதியைப் பெற்றார். ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தபோது 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் அணிக்குத் தலைமை தாங்கும் வாய்ப்பு வந்தது. அவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. விடுப்பு இல்லாமலே போனார். திரும்பி வந்ததும் பயிற்சியை இன்னும் ஓராண்டு செய்ய வேண்டும் என்றார்கள். ஐ.சி.எஸ்.ஸையே உதறினார். அந்தக் காலத்தில் ஒரு இந்தியனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பதவி அது.

அந்த அணியில் பெரும்பாலோர் ஆங்கிலோ-இந்தியர்கள். தியான் சந்த் என்ற இளம் ராணுவ வீரரும் இருந்தார். இந்தியா ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0 என்று வென்றது. இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 3-0 என்று வென்று தங்கம் பெற்றது. ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள். ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஆனால் இறுதிப் போட்டிக்கு முன்பே ஜெய்பால் சிங் அணியை விட்டு விலகிவிட்டார். பின்னிகர் தலைமையில் அணி ஆடியது. அணி மேலாளர் ரோசியருடன் ஏற்பட்ட பிணக்குதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தலைவர் என்ற பட்டம் ஜெய்பாலிடம் இருந்தது. ஆனால் அணியை நடத்தும் நிர்வாக அதிகாரம் வேறு கையில் இருந்தது.

1928 என்றதும் நம் நினைவுக்கு வருவது தியான் சந்த். அவர் அந்தத் தொடரில் 14 கோல்கள் அடித்தவர். நினைவுக்கு வருவதில் தவறில்லை. ஆனால் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹாக்கித் தங்கத்தின் அணித் தலைவர் ஒரு பழங்குடி என்பது நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தோல்வியில் முதலில் கண்ணில் படுபவர்கள் நாம். வெற்றியில் முதலில் மறந்துபோகிறவர்களும் நாம்தான்.

ஜெய்பால் சிங் அந்த அனுபவத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 1939இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். 1946 டிசம்பர் 19 அன்று அந்தச் சபையில் பேசும்போது, இழிவாகச் சொல்லப்படும் 'ஜங்லி' என்ற சொல்லையே தன் அடையாளமாகப் பெருமையோடு ஏற்றார். பழங்குடி மக்களுக்கு ஜனநாயகத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசினார். தனி ஜார்கண்ட் கோரிக்கையை நாடறியச் செய்தவர்களில் முதன்மையானவர். 1970இல் அவர் இறந்து 30 ஆண்டுகள் கழித்துத்தான், 2000 நவம்பர் 15 அன்று, அந்த மாநிலம் பிறந்தது.

இதே காலத்தின் கிரிக்கெட்டிலும் இந்தக் கதை உண்டு. பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்த சுழற்பந்து வீச்சாளர். தலித். பம்பாயில் இந்துக்கள் அணிக்கு அவர் பந்து வீசலாம். தலைவராக முடியாது. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1923இல், அந்தத் தலைமை கிடைத்தது. உழைப்பு வேண்டும், முடிவெடுக்கும் உரிமை கூடாது. வயலில் பார்த்த அதே விதிதான்.

எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். முதலாவது: ராஞ்சி தோல்வியின்போது ஹாக்கி இந்தியாவின் தலைவராக இருந்தவர் திலீப் டிர்க்கி. ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துப் பழங்குடி, முன்னாள் இந்திய அணித் தலைவர். அப்படியிருக்க முடிவெடுக்கும் இடத்தில் நம் மக்கள் இல்லை என்று எப்படிச் சொல்வது? உண்மைதான். அவர் அந்த நாற்காலிக்கு வந்தது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஒரு நாற்காலியில் ஒருவர் உட்காருவதும், தேர்வுக் குழு, பயிற்சியாளர் குழு, மாநிலச் சங்கங்கள், ஊடகம் என்று எல்லா அடுக்குகளும் மாறுவதும் ஒன்றல்ல. கிராமத்தில் தனித்தொகுதி ஊராட்சித் தலைவர் அனுபவம் நமக்கு இதைச் சொல்லித் தந்திருக்கிறது.

இரண்டாவது: மைதானத்துக்கே பழங்குடித் தலைவரின் பெயர் வைத்திருக்கிறார்களே, இதைவிட என்ன வேண்டும்? ராஞ்சியில் ஜெய்பால் சிங் பெயர். ரூர்கேலாவில் 2023 உலகக் கோப்பைக்காகக் கட்டிய மாபெரும் மைதானத்துக்கு பிர்சா முண்டா பெயர். வரவேற்போம். ஆனால் கோபால் பெங்க்ராவையும் நினைத்துக்கொள்வோம். ஜார்கண்டின் பழங்குடி. 1978 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியவர். ராணுவ வேலைக்குப் பிறகு பிழைப்புக்காகக் கல் உடைத்தார். செய்தி வெளிவந்த பிறகு உதவிக்கு வந்தவர் கிரிக்கெட் வீரர் சுனில் கவாஸ்கர். கல்லில் பெயர் பொறிப்பது எளிது. கல் உடைப்பவருக்கு ஓய்வூதியம் தருவதுதான் கடினமாக இருக்கிறது.

ராஞ்சி அணியில் ஜார்கண்டின் நான்கு பேர் ஆடினார்கள். குந்தியின் நிக்கி பிரதான், சிம்டேகாவின் சலீமா டேடே, சங்கீதா குமாரி, பியூட்டி டுங்டுங். ஒரே அணியில் மூன்று பேரைத் தந்த சிம்டேகா, 1972 ஒலிம்பிக் வெண்கல அணியின் மைக்கேல் கிண்டோவையும், 1980 தங்க அணியின் சில்வானஸ் டுங்டுங்கையும் தந்த மண். பரிசாக ஆட்டுக்கிடா வைத்து கிராமங்கள் ஹாக்கி ஆடும் பகுதி அது. அங்கே ஹாக்கி எந்தச் சங்கமும் கொண்டுவந்து கொடுத்த கருணை இல்லை.

சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். 1970இல் ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க அணிகளில் கறுப்பின வீரர்கள் ஆட்டத்தின் மைய இடங்களில் குறைவாகவும் ஓர இடங்களில் அதிகமாகவும் நிறுத்தப்படுவதை எண்ணிக்கையோடு காட்டினார்கள். உடல் வலிமை அவர்களுக்கு, மூளை வேலை மற்றவர்களுக்கு என்ற எண்ணம் இப்படிப்பட்ட பிரிவினைக்குப் பின்னால் இருப்பதாகப் பிறகு வந்த பலர் வாதிட்டார்கள். நம் ஹாக்கியிலும் எண்ணிப் பாருங்கள். மைக்கேல் கிண்டோ, திலீப் டிர்க்கி, லாசரஸ் பர்லா, பிரேந்திர லக்ரா, தீப் கிரேஸ் எக்கா என்று புகழ்பெற்ற பழங்குடி ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் தற்காப்பில் ஆடியவர்கள்? இதற்கு மாறாக சங்கீதா, பியூட்டி போன்ற முன்கள வீராங்கனைகளும் இருக்கிறார்கள். இது தற்செயலா, பயிற்சியாளர்களின் பழக்கமா, அல்லது அந்தப் பகுதிகளின் ஆட்ட மரபா? முடிவை முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். ஆண்டு வாரியாக, இட வாரியாக எண்ணுங்கள். பிறகு பயிற்சியாளர்கள், தேர்வாளர்கள், மேலாளர்களையும் அதே மாதிரி எண்ணுங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல முதுகலை ஆய்வு அது. நம் இயக்கத்துக்கும் தேவையான ஆவணம்.

அதுவரை, அடுத்த முறை ஓர் அணி தோற்கும்போது, அது ஹாக்கியோ, தேர்வோ, தேர்தலோ, இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? யாரை விட்டார்கள்? ஏன் என்று விளக்கம் சொன்னார்களா? தோற்ற பிறகு யாருடைய முடிவு விவாதமானது, யாருடைய பிறப்பு விவாதமானது? ஒரு பயிற்சியாளரின் தவறு அவருடைய தவறாக மட்டும் நிற்கிறது. அதற்காக அவருடைய ஊரில் யாரும் பட்டாசு வெடிப்பதில்லை. அதே அளவுகோல் ரோஷனாபாத்துக்கும் சிம்டேகாவுக்கும் வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. தலித், பழங்குடி ஆட்டக்காரர்களுக்குத் தவறு செய்யும் உரிமையும் வேண்டும். மற்றவர்களைப் போலத் தோற்று, மற்றவர்களைப் போல விமர்சிக்கப்பட்டு, மறுநாள் மறுபடி ஆடப் போகும் உரிமை அது.

ராஞ்சி தோல்விக்குப் பிறகு, 2024 மே மாதம், சலீமா டேடே இந்திய அணியின் தலைவரானார். ஜெய்பால் சிங்குக்குக் கொடுத்ததுபோல பட்டத்தை மட்டும் அவருக்குக் கொடுப்பார்களா, முடிவுகளில் அவர் குரலும் ஒலிக்குமா என்று நாம் கவனிக்க வேண்டும். வந்தனா கட்டாரியா 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். 320 ஆட்டங்கள், 158 கோல்கள். அந்தக் கணக்கை அழிக்க எந்தப் பட்டாசாலும் முடியாது.